என் தம்பிக்கு அவுட் கிடையாது

“அடுத்ததா நம்மையெல்லாம் மகிழ்விக்க வருவது, மனவளர்ச்சி குன்றிய ஒரு மாணிக்கம்! எல்லாரும் பலமா கை தட்டுங்கோ!”

பம்பாய் மாட்டுங்கா மைதானத்து ஒலிபெருக்கி இப்படி முழங்கியதும் கூட்டம் முழுக்கக் கை தட்டியது. மாணிக்கம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டது.

அந்த மாணிக்கம் என் தம்பி சாகுல். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அணி பனியன் முழங்கால்வரை தொங்கியது. தாராவி சடுகுடு அணியின் கேப்டனாகிய நான், ஒரு கேப்டனுக்கு உரிய கம்பீரத்துடன் அவுட் ஆனவர்கள் வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அணியில் மற்ற எல்லோரும் எனக்குத் துணையாக அதே வரிசையில் இருந்தார்கள். கோட்டுக்குள் மிச்சம் சாகுல் ஒருவன்தான்.

எதிரே செம்பூர் அணி. ஃபைனல். இரண்டு பக்கமும் சமப் புள்ளி. சாகுல் பாடிப் போய்த் திரும்பினால் ஆட்டம் முடிந்தது.

சுண்ணாம்புக் கோடு வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. பந்தலுக்குள் சிறப்பு விருந்தினர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்கள் உம்மா நின்றாள். அவள் மட்டும் கை தட்டவில்லை.

சாகுல் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு நடுக்கோட்டைத் தாண்டினான்.

அவன் அங்கேயே இருக்கட்டும். அவன் எப்படி அந்தக் கோட்டுக்கு வந்து சேர்ந்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் எங்கள் சந்தின் குழாயடிச் சண்டைகளைப் பற்றி எழுதியதற்கு, “எப்போது பார்த்தாலும் தண்ணீர்தானா?” என்று ஒரு வாசகர் சலித்துக்கொண்டிருக்கிறார். இந்த வாரமும் தண்ணீர் வரும். அவர் அடுத்த பக்கத்து ராசிபலனுக்குப் போய்விடலாம்.

தண்ணி வந்துட்டு

எங்கள் சந்து தாராவியில் தோல் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. வாப்பா கைப்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே மெஷின், மேலே பலகை அடித்த ஒரு பரண். கீழே தைப்போம், மேலே தூங்குவோம். தோலும் பசையும் கலந்த வாசனை சோற்றில்கூட இருக்கும்.

சந்தில் பாதி வீடுகள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள், பாதி அதே பக்கத்து இந்துக்கள். மத நல்லிணக்கம் குழாயடியில் பூரணமாக இருந்தது. எல்லோரும் எல்லோரையும் சமமாக ஏசினார்கள்.

சாகுல் நான்கு வயதுவரை வாய் திறக்கவில்லை. திறந்தபோது உம்மா என்றோ வாப்பா என்றோ ஆரம்பிக்கவில்லை. “தண்ணி வந்துட்டு” என்றான். சந்தில் அவன் அதிகம் கேட்டிருந்த வாக்கியம் அதுதான். இதைவிட முக்கியமான சேதி தாராவியில் வேறு என்ன இருக்கிறது என்று அவன் முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது. பசித்தாலும் தண்ணி வந்துட்டு, தூக்கம் வந்தாலும் தண்ணி வந்துட்டு. சந்தோஷம் வந்துவிட்டால் மூச்சு விடாமல் தண்ணி வந்துட்டு தண்ணி வந்துட்டு என்று சொல்லிக்கொண்டே சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பான்.

உச்சிவெயிலில் அவனுக்குச் சந்தோஷம் வந்தால் சந்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். குழாய் காற்றைக்கூட விடாது. பிறகு எல்லோரும் எங்கள் வாசலில் கூடுவார்கள்.

“ஏட்டி, ஒம் மவன் வாய மூடு,” என்பாள் பக்கத்து வீட்டு செல்லம்மக்கா. “இல்லேன்னா முனிசிபாலிட்டில சொல்லி அவனையே குழாயா மாட்டிரு. தெருவுக்கு நல்லது.”

ஒருநாள் மதியம், நேரம் கெட்ட நேரத்தில், நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. சாகுல் கத்தினான். ஒரு குடம்கூட நகரவில்லை. உம்மா மட்டும் போய் நிதானமாக எல்லாக் குடத்தையும், வாளியையும், சோற்றுப் பானையையும் நிரப்பிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஏச்சு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விழுந்தது.

மருத்துவ மேதைகள்

இன்று இதற்கு ஆட்டிசம் என்று பெயர். இன்று அதைப் பற்றி அறிவுரை சொல்லாத ஆளைப் பார்ப்பதே கஷ்டம். அன்று எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பெயர் இல்லாத குறையை உறவினர்கள் தீர்த்து வைத்தார்கள். ஒருவர் கோட்டி, பைத்தியம் என்றார். ஒருவர் காத்துக் கருப்பு என்றார். பாண்டுப்பில் இருந்த பெரியப்பா, பிள்ளை உண்டாகியிருந்தபோது உம்மா சினிமா பார்த்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அவர் பிள்ளைகள் எல்லோரும் படிப்பில் ஃபெயில். பெரியம்மா என்ன பார்த்தாள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

தாயத்து கட்டினோம். ஓதிய தண்ணீர் கொடுத்தோம். அந்தத் தண்ணீர் வந்தபோதும் அவன் தண்ணி வந்துட்டு என்றுதான் சொன்னான். அந்த ஒரு முறை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் போனோம். அரை நாள் வரிசையில் நின்ற பிறகு ஒரு பெரிய டாக்டர் கிடைத்தார். சாகுலை ஒரு தடவை பார்த்தார், உம்மாவை ஒரு தடவை பார்த்தார், இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். பக்கத்தில் இருந்தவர் அதை இந்தியில் சொன்னார். இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றும் வேலை எனக்கு. எனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான்: தாயின் பாசம் போதவில்லை, அதனால் பிள்ளை தனக்குள்ளேயே ஒதுங்கிக்கொண்டது.

ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாராவியிலிருந்து நடந்து வந்திருந்த உம்மா, என் முகத்தைப் பார்த்தாள். “என்னல சொல்லுதாரு?”

“நல்லாச் சாப்பிடக் குடுக்கச் சொல்லுதாரு,” என்றேன்.

“இதுக்கா இம்புட்டு நேரம் பேசினாரு? படிச்ச மனுசரு, தொண்டத்தண்ணி வத்திப் போயிருக்கும்,” என்று உம்மா இரக்கப்பட்டாள்.

அந்த டாக்டர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. இருந்தால், அந்தப் பாசத்தை அளந்த கருவியை எந்தக் கடையில் வாங்கினார் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டும் படாமலும்

சாகுலைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. “பாவம் புள்ள” என்று சொல்லி, விரல் நுனியால் அவன் கன்னத்தைத் தடவுவார்கள். அவ்வளவுதான், அவன் வீடு அதிரக் கத்துவான். தடவியவர் பயந்து பின்வாங்குவார். அன்போடு தொட்டால்கூடக் கத்துகிறானே என்று பரிதாபம் இன்னும் கூடும். பரிதாபம் கூடினால் மறுபடியும் தடவத் தோன்றும்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தொடுவது பிடிக்காது என்பது சரியல்ல. மெல்லத் தொடுவதுதான் பிடிக்காது. பட்டறையில் பதனிட்ட தோல்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் போய், அடியில் புகுந்து படுத்துக்கொள்வான். மேலே அத்தனை கனமும் அழுத்தும். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பான். லோக்கல் ரயிலில் எலும்பு நொறுங்கும் கூட்டத்தில் ஊரே சபித்துக்கொண்டு நிற்கும்போது, அவன் ஒருவன் முகத்தில்தான் நிம்மதி தெரியும்.

உம்மா அவனை அணைக்கும்போது பூப்போல அணைக்க மாட்டாள். தோலைச் சுருட்டிக் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டுவாள். பாசம் போதாதவள் அல்லவா, வேறு எப்படிக் கட்டுவாள்?

கச்சா லிம்பு

பம்பாயில் பிள்ளைகள் விளையாட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. தம்பி தங்கைகளை வீட்டில் விட்டுவிட்டு விளையாட வர முடியாது. சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெடும். அதனால் சின்னதுகளைக் கச்சா லிம்பு என்று அறிவித்துவிடுவோம். காய் எலுமிச்சை. பழுக்காதது, பிழியக் கூடாதது. கச்சா லிம்பு எல்லா ஆட்டத்திலும் உண்டு, எந்த ஆட்டத்திலும் கிடையாது. அது ஓடலாம், கத்தலாம், தொடலாம். ஆனால் தொட்டாலும் கணக்கில்லை, தொடப்பட்டாலும் அவுட் இல்லை. நம் ஊரில் ஒப்புக்குச் சப்பாணி என்பார்கள்.

வழக்கமாக இரண்டு மூன்று வருடத்தில் கச்சா லிம்பு பழுத்துப் பக்கா ஆகிவிடும். சாகுல் மட்டும் பழுக்கவே இல்லை. அவனோடு சேர்ந்து கச்சாவாக இருந்தவர்கள் எல்லாம் மீசை முளைக்கிற பருவத்துக்கு வந்துவிட்டார்கள். அவன் அப்படியே இருந்தான்.

சடுகுடுவில் அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அது புள்ளி வாங்குவதல்ல. அவுட் ஆனவர்கள் ஓரத்தில் வரிசையாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு, யார் முதலில் அவுட்டோ அவர் முதலில் என்று உட்காருவார்களே, அந்த வரிசையில் உட்கார வேண்டும். செருப்புகளை, நூல்கண்டுகளை, வாப்பாவின் பித்தளை பக்கிள்களை எல்லாம் வரிசை வைப்பவன் அவன். அவன் கண் முன்னால் மனிதர்களே வரிசை வைக்கப்படும்போது எப்படிச் சும்மா இருப்பான்? ஆட்டத்துக்கு நடுவில் போய் வரிசைக் கடைசியில் உட்கார்ந்துகொள்வான்.

“ஏல எந்திரி, ஒனக்குத்தான் அவுட் கெடையாதே!” என்று பையன்கள் அவனை எழுப்பி மறுபடி கோட்டுக்குள் தள்ளுவார்கள். அவன் அழுவான். சாகாவரம் கிடைத்த ஒருவன் அதற்காக அழுவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

“அவனையும் நல்லா இறுக்கிப் புடிங்கல, கத்த மாட்டான்,” என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. “கத்துனா ஒங்க உம்மா வந்து எங்க தோல உரிப்பா,” என்றார்கள். உம்மாவும் ஒருநாள் சந்தில் இறங்கி, “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்ல, புடிங்க,” என்று கெஞ்சினாள். அதைக் கேட்டு அவர்களுக்குப் பயம் இன்னும் அதிகமாயிற்று.

சங்கத்தின் கருணை

எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்கள் மூடிக் கிடந்தன, எங்கள் சந்துக்குக் கலர் டிவி ஒன்று வந்திருந்தது. மாட்டுங்காவில் இருந்த ஒரு தமிழ்ச் சங்கம் வருடா வருடம் விளையாட்டு விழா நடத்தும். அதன் செகரட்டரி ஒரு பேங்க் ஆபீசர். நல்ல மனிதர்தான். நல்லது செய்யாமல் இருக்கவே முடியாத மனிதர். அதுதான் சிக்கல்.

அந்த வருடம் அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எங்கள் சந்துக்கு வந்தார்.

“இந்தத் தடவை ஒரு புதுமை பண்ணப் போறோம். எந்தக் கொழந்தையையும் ஒதுக்கக் கூடாது. ஒவ்வொரு டீம்லயும் குறையுள்ள கொழந்தை ஒண்ணு கட்டாயம் இருக்கணும்,” என்றார். “அந்தக் கொழந்தையை யாரும் தொடக் கூடாது. அதுக்கு அவுட் கெடையாது. கோட்டைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்தாலே ஊக்கப் புள்ளி ஒண்ணு!”

ஒதுக்கக் கூடாது என்பதற்காக ஒதுக்குவதற்கென்றே ஒரு விதி. கச்சா லிம்புவைச் சங்கத்தின் செயற்குழு கூடி, தீர்மானம் போட்டு, டீ குடித்துக் கண்டுபிடித்திருந்தது.

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்: “அவன யாரும் தொட மாட்டாவளா?”

“தொடவே மாட்டாம்மா. நான் பொறுப்பு. கவலையே படாதீங்கோ.”

“அப்போ அவன் அங்கன வந்து என்ன வெளையாட?”

செகரட்டரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை, நீயாவது எடுத்துச் சொல் என்பதுபோல. எனக்கு உம்மா கேட்டது நன்றாகவே புரிந்தது.

“சரி, போட்டும். கோட்டுக்குள்ளயாவது நிக்கட்டும்,” என்றாள் உம்மா.

தர்மப் புள்ளிகள்

விதி வந்ததும் பம்பாய்த் தமிழர் அணிகளிடையே குறையுள்ள குழந்தைகளுக்குத் திடீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. செம்பூர் அணி சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பையனைக் கூட்டி வந்து, கண் தெரியாது என்றது. அவன் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். டோம்பிவிலி அணி தன் சிறந்த ஆட்டக்காரனின் வலது காலில் கட்டுப் போட்டு நொண்ட வைத்துக் கொண்டுவந்தது. அவன் எங்கள் ஆட்களை உதைத்துத் தள்ளிவிட்டு மானாக ஓடினான். இடைவேளைக்குப் பிறகு கட்டு இடது காலுக்கு மாறியிருந்தது. சங்கத்தார் அவன் முன்னேற்றத்தைப் பாராட்டினார்கள்.

எங்களிடம் இருந்தது அசல் சரக்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் சாகுல் கோட்டைத் தாண்டுவான். தண்ணி வந்துட்டு தண்ணி வந்துட்டு என்று பாடிக்கொண்டு எதிரணிக்கு நடுவில் உலாத்துவான். எதிரணிப் பையன்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்பதுபோல நிற்பார்கள். அவன் திரும்பி வருவான். ஊக்கப் புள்ளி. கரகோஷம். அவன் காதைப் பொத்திக்கொள்வான்.

இப்படித் தர்மப் புள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டே நாங்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எங்கள் அணிப் பையன்கள் சாகுலைத் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். கப்பை எந்த வீட்டில் வைப்பது என்று சண்டைகூடத் தொடங்கிவிட்டது. பெண்கள் பக்கத்தில் நின்ற உம்மாவின் முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷமும் இல்லை. அங்கே அவள் பிள்ளையைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

ஒரு சாண்

ஆக, சாகுல் நடுக்கோட்டைத் தாண்டினான்.

“தண்ணி வந்துட்டு தண்ணி வந்துட்டு தண்ணி வந்துட்டு...”

செம்பூர்ப் பையன்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒருவனைத் தவிர. அவன் பெரிய லீவுக்கு ஊரிலிருந்து வந்தவன், அன்று காலைதான் மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்கியிருந்தான். அவர்கள் ஆள் ஒருவன் அடிபட்டதால் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கருணை விதியை அவனுக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்தவனுக்குத் தெரிந்த விதி ஒன்றுதான். பாடி வருகிறவனைப் பிடிக்க வேண்டும்.

பிடித்தான். பின்னாலிருந்து வந்து இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் கோத்து, தரையோடு சாய்த்தான்.

சிறப்பு விருந்தினரின் இளநீர் பாதி வழியில் நின்றது. எல்லோரும் சாகுலின் அலறலுக்காகக் காத்திருந்தார்கள்.

அலறல் வரவில்லை. சிரிப்பு வந்தது. புழுதியில் கிடந்தபடி, இடுப்பில் அந்தப் பையனை இழுத்துக்கொண்டு, சாகுல் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தான். தண்ணி வந்துட்டு தண்ணி வந்துட்டு. அவன் அப்படி முக்கி முனகி ஒன்றுக்காகப் போராடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். “நீட்டுல! கைய நீட்டுல!” என்று கத்தினேன். கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாட்டு அறுந்து மூச்சு விட்டுப் போயிற்று.

நடுவர் சாவந்த் மாஸ்டர் விசில் ஊதினார். அவர் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், மராட்டிக்காரர். சங்கத்தின் தமிழ்த் தீர்மானங்கள் அவரை அதிகம் பாதித்ததில்லை.

செகரட்டரி மைக்கைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்தார். வயர் வரும்வரை வந்தார். “அவுட் இல்லை! அவுட் இல்லை! ஃபௌல்! ஊக்கப் புள்ளி தாராவிக்கு, கப்பும் தாராவிக்கு!”

செம்பூர் கேப்டன், பிடித்தவனை உலுக்கிக்கொண்டிருந்தான். “உனக்கு மனசாட்சியே இல்லையாடா?” அந்தப் பையனுக்குத் தான் செய்த குற்றம் என்னவென்றே தெரியவில்லை. கண் கலங்கி நின்றான்.

சாவந்த் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். பம்பாயில் பிறந்து வளர்ந்தவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“ஏ கேப்டன், யே கச்சா லிம்பு ஹை க்யா?”

ஆமாம் என்றால் கப்பு எங்களுக்கு. என் பின்னால் அணி முழுக்க முணுமுணுத்தது. “ஆமான்னு சொல்லுல. சீக்கிரம் சொல்லுல.”

அதற்குள் சாகுல் எழுந்தான். அரைக்கால் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். யாரையும் பார்க்கவில்லை. நேராக எங்கள் வரிசைக்கு வந்து, கடைசி ஆளுக்குப் பக்கத்தில், சரியாக இடைவெளி விட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தான். இப்போதும் எழுப்பிவிடப் போகிறாயா என்று கேட்பதுபோல் இருந்தது.

பெண்கள் பக்கம் திரும்பினேன். உம்மாவின் துப்பட்டி தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நை மாஸ்டர்,” என்றேன். “பக்கா ஹை. அவுட்.”

மாஸ்டர் இன்னொரு முறை விசில் ஊதினார், நீளமாக.

தன் ஆள் அவுட்தான் என்று ஒரு கேப்டன் வாதாடி ஜெயித்ததும், ஜெயித்ததால் தோற்றதும் சடுகுடு சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். செகரட்டரியால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. “கொழந்தை மனசு என்ன பாடுபடும்!” என்று சொல்லிக்கொண்டே வந்து சாகுலின் கன்னத்தை விரல் நுனியால் தடவினார். எல்லோரும் எதிர்பார்த்திருந்த அலறல் அப்போது வந்தது.

உம்மா நேராக அந்த ஊர்ப் பையனிடம் போனாள். சண்டைக்கு வருகிறாள் என்று செம்பூர் அணி விலகி நின்றது.

“ஒம் பேரு என்ன வாப்பா?”

“இசக்கிமுத்து,” என்றான் அழுகைக்கு நடுவில்.

“நல்லா புடிச்சே. விட்டுராமப் புடிச்சே,” என்று சொல்லி அவன் தலையை அழுத்தித் தடவிக் கொடுத்தாள்.

பஸ்ஸில்

கப்பு செம்பூருக்குப் போயிற்று. நாங்கள் தாராவிக்குப் பஸ் ஏறினோம். உம்மா முன்னால் பெண்கள் சீட்டில். சாகுல் பின்னால் ஜன்னல் ஓரத்தில், என் பக்கத்தில். எங்கள் அணி சுற்றிலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தது.

முதலில் என்னை ஏசினார்கள். அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது. பிறகு ஒருவன் சாகுல் பக்கம் திரும்பினான்.

“ஏல சாகுல், ஒரு சாண்ல! கைய நீட்டியிருந்தா கோடு. அங்கன கெடந்து என்னல சிரிப்பு, மூதி?”

அவனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பாவம் புள்ள என்பார்கள், கோட்டி என்பார்கள், வாயை மூடு என்பார்கள். ஏன் சரியாக விளையாடவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒருவன் தொடங்கியதும் மற்றவர்களுக்கும் வாய் வந்துவிட்டது.

“மூச்ச அடக்கத் தெரியாது, பாட வந்துட்டான்.”

“தண்ணி வந்துட்டாம்ல தண்ணி! கப்பு போயிட்டு!”

“நாளைக்கு வா, ஒன்னப் போட்டுப் பெரட்டுதேன். அப்பத்தான் நெளிஞ்சு வரப் படிப்பே.”

சாகுல் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு கேட்டபடி வந்தான். அத்தனை ஏச்சுக்கும் அவன் காதைப் பொத்தவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “போதும் நிறுத்துங்கல, தோத்தது தோத்தாச்சு,” என்று எழுந்தேன்.

முன் சீட்டிலிருந்து உம்மா திரும்பினாள். அவள் கண்ணெல்லாம் நனைந்திருந்தது. முகத்தில் ஒரு கல்யாண வீட்டுச் சிரிப்பு.

“நீ சும்மா இரில. அவனத்தான ஏசுதாவ? நல்லா ஏசட்டும்.”